எட்டும் மூன்றும்

அன்புள்ள ஹேசோல் அப்பாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? இங்கே ஜப்பானில், சப்போரோவில் பனி விடவில்லை. வேலை முடிந்தால் கை தூக்க முடியவில்லை, மற்றபடி நலம்தான்.

ஞாயிறன்று உங்களோடும் நம் பிள்ளை ஹேசோலோடும் ஆடும் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் நான்தானே மறுபடியும் முதலில் தோற்று வெளியேறினேன். அறைத்தோழி ஓக்ஜா அக்கா பார்த்துச் சிரித்தார்.

“எட்டும் மூணும்னு மட்டமான சீட்டை வச்சுக்கிட்டு எதுக்குடி நின்ன? தூக்கிப் போட வேண்டியதுதானே?”

“அவரு ஆடுறாரே அக்கா.”

“அதுக்காக எல்லாத்தையும் தோத்துட்டு வெளிய உக்காந்திருப்பியா?”

இந்த மாதம் எனக்கு ஒரே இலக்கு. நீங்கள் ஆடும் ஆட்டமானாலும், மோசமான சீட்டு வந்தால் பந்தயம் கட்டாமல் அதைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகிவிட வேண்டும். அப்போதுதான் கடைசிவரை உங்கள் மேசையில் இருக்க முடியும்.

கிம்ச்சி ஊறுகாய் வேண்டாம், வழியில் புளித்துப் பொங்கிவிடும். நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள்.

பேருந்து வந்துவிட்டது. ஞாயிறன்று நான் சீட்டைப் போட்டுவிட்டு விலகினால் உங்கள்மேல் கோபமென்று நினைத்துவிடாதீர்கள்.

ஹேசோல் அம்மா