வாலு கல்லூரிக்கு எழுதிய கட்டுரை

அன்பு மகன் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் ஓரளவு தெம்பாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார், பக்கவாதம் பறித்த பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. என் கவலையெல்லாம் உன் தங்கையைப் பற்றித்தான். நம் வாலுவுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம், கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உன் முறை வந்தபோது அப்பா லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு கிரீஸ் கையோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார், நான் டீ போட்டுக் கொடுத்ததோடு சரி. இப்போது என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. சலவைக் கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பிறத்தியார் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுகிறவளிடம் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். கல்லூரி விஷயங்களைக் கவனிக்கும் சார் நல்ல மனிதர்தான். மார்க் எல்லோருக்கும்தான் நன்றாக இருக்கிறது, தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைதான் இடம் வாங்கித் தரும், அப்பாவுக்கு வந்த நோயைப் பற்றி எழுதச் சொல்லுங்க, படிக்கிறவங்க மனசு கரைஞ்சிடும் என்றார். எங்கப்பா வாய் கோணிப்போனதைக் காட்டி நான் சீட்டு கேக்கமாட்டேன் சார் என்று வாலு அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படி நடுவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், நடந்ததைத்தானே எழுதச் சொல்றாரு, பொய்யையா எழுதச் சொல்றாரு என்று கேட்டுத் தொலைத்தேன். அப்ப நீயே எழுதும்மா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். பழம் நறுக்கி வைத்தேன், தட்டு அப்படியே திரும்பி வந்தது. அண்ணனையாவது கேளேன் என்றால், அவனுக்கே ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணாதே என்கிறாள்.

கட்டுரை அனுப்பக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மத்தியானம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை மூடிவிட்டுக் கதவோரம் நின்றேன். எல்லாம் ஆங்கிலம். ஃபாதர் என்று நாலைந்து தடவை வந்தது, லிஃப்ட் என்று வந்தது, மற்றதெல்லாம் எனக்குச் செவிடன் காதில் ஊதிய சங்குதான். நோயைத்தான் எழுதினாளோ, அவர் லிஃப்டுக்கு மேலே ஏறி நின்று வேலை பார்த்த கதையை எழுதினாளோ, யார் கண்டது. வாசித்து முடித்ததும் அப்பாவின் முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீருக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று அவர் போடும் சத்தமெல்லாம் எனக்கு அத்துப்படி, வீட்டில் நான்தான் எல்லோருக்கும் பொருள் சொல்கிறவள். இது நான் கேட்டறியாத சத்தம். வாலு பதறிப்போய் என் பக்கம் திரும்பி, அம்மா, அப்பா சிரிக்கிறாரா அழறாரா, அனுப்பவா வேணாமா சொல்லும்மா என்றாள். அவரும் நான் சொல்லிவிடுவேன் என்று என்னையே பார்த்தார். எனக்குத் தெரியவில்லையடா. அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டாள். சொன்னது சரியா தவறா என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய் நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கடைவாய்ப் பல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டு. வாலுவிடம் பேசும்போது எடுத்த எடுப்பில் கல்லூரியைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள்.

உன் அம்மா
(பக்கத்தில் உள்ள கோடு அப்பா இடது கையால் போட்டது)