எரேனா கட்டிய பை

பிளஃப் துறைமுகம்,
ஞாயிற்றுக்கிழமை, மே 12.

என் ஹூயாவுக்கு,

உன் லியோனி எழுதுவது. இங்கே நானும் நாயும் உயிரோடு இருக்கிறோம். நாய் வாசலில் படுத்து உன்னைத் தேடுகிறது. நான் கொஞ்சம் மரியாதை தெரிந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து தேடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தத் தீவுக் குளிரில் பொந்து பொந்தாகக் குனிந்து கடற்பறவைக் குஞ்சு பிடிக்கிறவளுக்குக் கால் வலிக்காமல் இருக்குமா? கம்பளிப் பட்டை மூட்டையின் அடியில் இருக்கிறது. நீ பார்த்திருக்க மாட்டாய்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொண்டு படி. சிரித்தால் போதும்.

சிப்பிக் கொட்டகையில் வேலை குறைவில்லை. கத்தி இரண்டு தடவை என் கட்டைவிரலைச் சிப்பி என்று நினைத்துவிட்டது. படகுக்கார ஹோனே தினமும் வம்புக்கு இழுக்கிறார். "என்னம்மா, பொண்டாட்டி தீவுல, நீ கரையில. யாரு யாரைத் துரத்துனது?" என்றார். "சம்பளமில்லாத லீவுண்ணே, ரெண்டு பேருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே பாத்திரத்தை மூன்று தடவை கழுவினேன்.

நீ தீவுக்குப் போன அன்று சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "இந்த வருஷம் நீ வராதடி. உன் வாய் ஓயாது. எனக்கு அங்க என் புள்ளையோட கொஞ்ச நேரம் அமைதியா இருக்கணும்." அப்போதும் நான், சரி, ஒரு ஆள் சாப்பாடு மிச்சம் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஹூயா, 'நம்ம புள்ள' என்று நீ சொல்லவில்லை. அது உனக்குத் தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா என்று இருபது நாளாக வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

எரேனா போய், வருகிற ஜூலைக் குளிரில் இரண்டு வருடம். பனி உறைந்த அந்த வளைவில் அவள் கார் சறுக்கிய நாளிலிருந்து நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். என்னால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கொட்டகைக் குளிர் அறை கெட்டுப்போய், பழுது பார்க்க இன்வர்காகிலிலிருந்து பிரான்வின் என்று ஒருத்தி வந்தாள். நம் வயதுதான், பெரிய கை, பெரிய குரல். நான் ஏதோ சொன்னேன். குறடு கீழே விழும் அளவுக்குச் சிரித்தாள். நம் வீட்டில் யாராவது சிரித்து எத்தனை நாளாயிற்று? அடுத்த நாளும் சிரிக்க வைத்தேன். மூன்றாம் நாள் அறை சரியாகிவிட்டது. ஆனாலும் வந்தாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைக் கோதிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில்.

நேற்று மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தீவுப் பறவை தின்றதே இல்லை என்றாள். பந்தா காட்ட ஆசை வந்துவிட்டது. வாளியில் உப்பிட்டு வைத்தது தீர்ந்து போயிருந்தது. பின்கட்டில் தொங்கியது ஒன்றுதான்.

ஆமாம், அதைத்தான். எரேனா கட்டிய பையை.

கடற்பாசி மடலைப் பிளந்து, வாய் வைத்து அவள் ஊதி உப்ப வைத்து, பறவைகளை அடுக்கிக் கட்டிய பை. முகம் தக்காளி மாதிரி ஆக, "ஏண்டி, பையை ஊதுறியா, நீ வெடிக்கப் போறியா?" என்று நான் கேட்டேனே, அது. நீயும் நானும் இரண்டு வருடமாகத் தொடாமல், அந்தப் பக்கம் போகும்போது தோளை ஒடுக்கிக்கொண்டு போவோமே, அது. பையைக் கட்டியிருந்த நாரை அறுத்தபோது கை நடுங்கவில்லை, ஹூயா. அதுதான் இப்போது என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு பறவையை எடுத்து, மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தேன். பிரான்வின் மேசைக்கு மேலே என் கையைப் பிடித்தாள். நான் எடுக்கவில்லை. அதற்கு மேல் நடந்தது ஒன்றுமில்லை. என் மனதில் என்ன இருந்தது என்று நீ கேட்டால், அதையும் நேரில் சொல்வேன்.

பிறகு ஒரு வாய் தின்றாள். "ஐயய்யோ, மீன் எண்ணெய்ல விழுந்த ஆட்டுக்கறி மாதிரி இருக்கு லியோனி" என்று சிரித்தாள். தட்டை எடுத்துப் போய்க் குப்பை வாளியில் தள்ளினாள். அவள் மேல் குற்றமில்லை, அவளுக்கு என்ன தெரியும்? ஊரில் பாதிப் பேர் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் என் வாயிலிருந்து ஒரு கேலி கூட வரவில்லை. போய்விடு என்றேன். என்ன தப்பு செஞ்சேன் என்று கேட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை, நான்தான், இனி வராதே என்றேன். போய்விட்டாள். வாளியிலிருந்து பறவையை எடுத்துக் கழுவி, நின்றபடியே எலும்பு வரைக்கும் தின்றேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நாயைக் கேள்.

மிச்சத்தை மூடி வைக்கப் போனபோதுதான் பைக்குள் சரியாகப் பார்த்தேன். பறவையின் நெஞ்சு கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும் என்பது உங்கள் குடும்ப வழக்கம். நான் இருபத்தாறு வருடமாக மேலே வைத்து உன்னிடம் திட்டு வாங்குகிறவள். எரேனா உன் முன்னால் உன் மாதிரிதானே அடுக்குவாள்? அந்தப் பையில் ஒரு வரிசை நெஞ்சு கீழே, அடுத்த வரிசை நெஞ்சு மேலே. மறுபடி கீழே, மறுபடி மேலே. அடி வரைக்கும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டேன்.

திறந்த பை இனி தாங்காது. பதினாறு பறவை இருக்கிறது. நான் தனியாகத் தின்னவும் கூடாது, எறியவும் கூடாது.

உங்கள் குலத்தாரின் அந்தத் தீவில் கால் வைக்க எனக்கென்று உரிமை கிடையாது. உனக்கு ரத்தத்தால் வந்தது, அவளுக்கு உன்னால் வந்தது. எனக்கு உன் மனைவி என்பதால் மட்டும். இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த வருடம் நாம் கையெழுத்துப் போட்டபோது, பன்னிரண்டு வயது எரேனா, "இனிமே லியோனிம்மாவ யாரும் தீவுலருந்து தள்ள முடியாது" என்று கேக்கைத் தின்றுகொண்டே சொன்னாளே. முடியும். நீ ஒருத்தி நினைத்தால் முடியும்.

இந்தக் கடிதம் நாளைப் படகில், உருளைக்கிழங்கு மூட்டையோடு வரும். வியாழக்கிழமைப் படகில் பையோடு நான் வருகிறேன். பாறையில் நின்று கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இறங்க முடியாது என்பது உனக்குத் தெரியும். உன் தம்பியை அனுப்பாதே. நீ வந்து நின்றால் கயிற்றை எறிவேன். பாறை காலியாக இருந்தால் ஹோனேயிடம் திருப்பச் சொல்லிவிடுவேன். கூப்பாடு போட மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கற்றுக்கொள்கிறேன், அரை மணி நேரம் வரை பழகியாயிற்று.

கடல் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். உன் முழங்கால் மடங்கட்டும், நிமிரட்டும்.

கயிறு நனைந்து வழுக்கும். கையுறை போட்டுக்கொண்டு வா.

உன்
லியோனி