ரொட்டி அடுப்பில் ஆட்டுக்குட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தேன் ரொட்டி. அம்மா விட்டுப்போன பக்குவம்: மாவை இரண்டு தடவை பொங்கவிட வேண்டும், வெந்த சூட்டிலேயே மேலே தேன் பூச வேண்டும். பூசுவதற்குள் வயலிலிருந்து மூன்று பேரும் வந்தாகிவிட்டது. அப்பா, பெரியண்ணன், சின்னண்ணன். ஒருத்தரும் கை கழுவவில்லை. சின்னண்ணன் நகத்தில் சாணி, அதே விரலால் தேனை வழித்து நக்குகிறான். அப்பா டீயில் முக்கிய ரொட்டி உள்ளே விழுந்துவிட, கையை விட்டுத் துழாவி - சீ, எழுதவே குமட்டுகிறது. யாரும் மென்றதாகத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த டவுன் பேக்கரியை மூடாமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்துக்கு நான் ஏன் வடித்துக் கொட்டப்போகிறேன்?

மார்ச் 4

பெரியண்ணன் ஏப்பம் விட்டுவிட்டு, "இன்னும் இருக்காடா?" என்றான். பாராட்டு அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

அடுப்பைத் திறந்தால் வைக்கோல், ஆட்டு மயிர், ஏதோ பிசுபிசுப்பு. நோஞ்சானாகப் பிறக்கும் குட்டியை, ரொட்டி எடுத்த பிறகு ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குள் படுக்கவைப்பது இந்த வீட்டுப் பழக்கம். கதவு திறந்தே இருக்கும். அம்மாவும் செய்தவள்தான். "அந்தச் சூடு இல்லன்னா விறைச்சுப் போயிடும் தம்பி. பால்கூட இறங்காது" என்கிறாள் பெரியண்ணனின் மனைவி, என் அண்ணி. சரி. அதே செங்கல் மேல்தானே நான் மாவை வைக்கிறேன்? தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மார்ச் 9, திங்கள்

சந்தைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர் என் ரொட்டி ஒன்றைத் தின்று பார்த்தார். மென்று தின்றார்! கண்ணை மூடிக்கொண்டு! "வியாழக்கிழமை சந்தைக்கு ஒரு தட்டு கொண்டு வாங்க. ஓடுச்சுன்னா தினமும் எடுத்துக்கறேன். கடைக்குப் பின்னால ரூம் இருக்கு, அடுப்பும் இருக்கு. அங்கயே தங்கிக்கலாம்."

கை கழுவத் தெரிந்த மனிதர்களோடு இருக்கலாம். வியாழக்கிழமை மட்டும் சொதப்பாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

விடியும்போதே மாவு இரண்டாம் தடவை பொங்கத் தொடங்கியிருந்தது. விறகு வைக்கப் போனால் அடுப்புக்குள் குட்டி! ஈன்ற ஈரம்கூடக் காயவில்லை. அண்ணி மண்டியிட்டு அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் நேற்றைய சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"கொஞ்ச நேரம் குடு தம்பி. இப்பதான் கண்ணு முழிக்குது."

கொஞ்ச நேரமா? அதற்குள் மாவு புளித்து அமுங்கிப்போகும், சந்தை கலைந்துவிடும். எப்பப் பாரு ஆடு, ஆடு, ஆடு! என் பிழைப்பு ஒரு ஆட்டுக்குட்டியைவிடக் கேவலமா? கத்தினேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். நானே கையை விட்டுக் குட்டியைத் தூக்கினேன். கொழகொழவென்று ஒட்டியது. அவள் மடியில் போட்டுவிட்டு, செங்கல்லைத் தேய்த்து, விறகைப் பற்றவைத்தேன். புகை தாங்காது என்று அவள் குட்டியைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனாள். வெளியே நல்ல குளிர்.

ரொட்டி இதுவரை இப்படி வந்ததில்லை. சந்தையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க" என்றார் கடைக்காரர்.

மார்ச் 13

குட்டி நேற்றே போய்விட்டது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பின்னால் புது மண் கிடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 14, சனி

நாளை கிளம்புகிறேன். நான் போகுமுன் வயிறாரத் தின்னட்டும் என்று வீட்டுக்கு ஒரு தட்டு சுட்டேன். தேனைத் தாராளமாகவே பூசினேன்.

மூன்று பேரும் வயலிலிருந்து வந்தார்கள். கை கழுவினார்கள். சோப்புப் போட்டு, முழங்கை வரை, விருந்தாளியாக வந்தவர்கள் மாதிரி. அண்ணி கஞ்சி ஊற்றினாள். குனிந்த தலை நிமிராமல் குடித்தார்கள். தட்டை அப்பா பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம்ப்பா. வயிறு சரியில்ல."

அண்ணன்களுக்கும் வயிறு சரியில்லையாம். அண்ணி கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வீட்டில் ரொட்டி மிஞ்சி நான் பார்த்ததில்லை. ஈ மொய்க்கிறது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பக்குவமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கொல்லையில் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.