டாக்டர் வீடு இல்லாத வழி

மை வாசனையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் நைனாவுக்கு,

நீ போன பிறகு அம்மா கச்சேரி ரோட்டில் நடப்பதையே விட்டுவிட்டாள். சாந்தோமிலிருந்து கோபாலபுரத்து பங்களாவுக்கு வேலைக்குப் போக அதுதான் நேர் வழி. ஆனால் அதில்தானே டாக்டர் வீடு இருக்கிறது. உன் வைத்தியத்துக்கான பாக்கி அங்கே அப்படியே நிற்கிறது. அதனால் அம்மா மந்தைவெளிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். அவர் நம் வாசலில் வந்து நின்று ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் நம்மைச் சுற்ற வைக்கிறது.

போன வாரம் பங்களாவில் விறகு எடுக்கும்போது அம்மாவின் காலில் துருப்பிடித்த ஆணி குத்திவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணியால் கட்டிக்கொண்டாள். பாதம் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போயிற்று. அந்தக் காலோடும் மந்தைவெளி வழியாகத்தான் போனாள், நைனா. "டாக்டர்கிட்ட போலாம்மா" என்றேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. எனக்கு எப்போது வந்திருக்கிறது?

நான் இப்போது நீ வேலை பார்த்த அச்சாபீஸில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குத் தெரியும், இது தெரியாது. பைண்டிங் பக்கத்தில் தாள் மடிக்கிறேன். உன் ஊசி மருந்துக்கு முதலாளி கொடுத்த முன்பணம் என் சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறது. மடிக்கும் தாளில் இருப்பதைப் படித்துக்கொண்டே மடிப்பேன். யாரும் திட்டுவதில்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில், உன்னோடு மெஷின் ஓட்டிய பெருமாள் மாமா பேப்பரைப் பிரித்து உரக்கப் படித்தார். சீக்கு வந்தால் தொழிலாளிக்கு வைத்தியமும் கொஞ்சம் பணமும் கிடைக்க டில்லியில் சட்டம் போட்டிருக்கிறார்களாம். அதற்காக முதலாளியும் கட்ட வேண்டும், நம் சம்பளத்திலும் கட்டாயமாகப் பிடிப்பார்களாம்.

"சீக்கே வராதவன்கிட்டயும் பிடிப்பானா? இன்னா நியாயம் இது?" என்று காசி எகிறினான். எழுத்துக் கோக்கும் கம்போசிங்கில் புதிதாகச் சேர்ந்தவன். உனக்குத் தெரியாது.

"உனக்கு வராதுன்னு எவன் எழுதிக் குடுத்தான்?" என்றார் மாமா.

"அதுக்குன்னு கட்டாயமா?"

என் பக்கத்தில் தாள் மடிக்கும் ஜைனபு அக்கா சிரித்தாள். "எனக்குக் கல்யாணம்கூட கட்டாயமாத்தான் பண்ணி வச்சாங்க. அதுக்கே ஒண்ணும் சொல்லாம குடும்பம் நடத்திக்கினு கீறேன். இதுக்குப் போய் குதிக்கிறியே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா என் பக்கம் திரும்பினார். "உங்க நைனா இருந்தா நல்லா சண்டை போட்டிருப்பான். நீ இன்னா சொல்றே, கமலா?"

"பிடிக்கட்டும் மாமா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்க வூட்ல இப்பவும் பிடிச்சிக்கினுதான் கீறாங்க. ஆளு போன அப்பறம் பிடிக்கிறாங்க."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு காசிதான், "ஊமைப் பொண்ணு பேசிடுச்சுப்பா" என்றான். கேலிதான், ஆனால் மெதுவாகச் சொன்னான்.

"நம்ம ஊருக்கு எப்போ மாமா வரும்?" என்று கேட்டேன். அம்மாவின் கால்தான் மனதில் இருந்தது.

"சட்டம்தானே? டில்லிலேர்ந்து நடந்தே வரணும். இன்னும் எத்தினி வருசமோ."

நைனா, கடைசி நாட்களில் நீ ஊசி வேண்டாம் என்றாயே. குத்தினால் வலிக்கிறது என்றாய். நாங்களும் நம்பி உன்னை விட்டுவிட்டோம். வலியா அது? இல்லை, ஏறிக்கொண்டே போன பில்லா? இதை அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.

சாயங்காலம் வேலை விட்டதும் நேராகக் கச்சேரி ரோட்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். மருந்து கலக்கும் கம்பவுண்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பாக்கி கொண்டாந்தியாம்மா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மாவின் காலைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

உள்ளே இருந்த டாக்டர் எழுந்து வந்தார். இளைத்திருந்தார். "வீங்கி எத்தனை நாளாச்சு? அழைச்சுண்டு வரதுக்கென்ன?"

"பாக்கி…"

"பாக்கி இருக்கட்டும். மருந்துக் கடையில எனக்குந்தான் இருக்கு. நான் வைத்தியம் பண்றதை நிறுத்திட்டேனா? போ, போய் அழைச்சுண்டு வா."

கை ரிக்‌ஷாவில் ஏற அம்மா மாட்டேன் என்றாள். ஜைனபு அக்கா வந்து ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். டாக்டர் வீட்டை நெருங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காலைக் கீறிச் சீழை எடுக்கும்போது அவள் கத்தவில்லை. "இதுக்கு எவ்ளோ ஆவும்?" என்று மட்டும் கேட்டாள். பழைய பாக்கியோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்படி டாக்டர் கம்பவுண்டருக்குக் கண் காட்டினார்.

அம்மாவுக்கு ஜுரமும் அடிக்கிறது. காலின் சுண்டு விரலைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றிருக்கிறார். "தினம் போனா பாக்கி ஏறிக்கினே போவும்டி. நாளைக்கு வேணாம்" என்கிறாள் அம்மா. நீ வலிக்கிறது என்று சொன்ன அதே முகத்தோடு சொல்கிறாள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, நைனா. பாக்கியை எப்போது தீர்ப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. தெரிந்தால்தானே கொடுப்பேன். ஆனால் நாளைக்கும் ரிக்‌ஷா கொண்டுவருவேன். கம்பவுண்டர் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அம்மா உள்ளே போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வரும்வரை நிற்பேன்.

இப்படிக்கு,
உன் பெண், அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்
கமலா