எத்தனை பேர் கத்தினார்கள்?

மார்ச் 4, செவ்வாய்

மனசைப் பேசியே சரிசெய்வார்களாம். எட்டு மாதம் காத்திருந்து இன்று போனேன். ஃபிரெயா என்ற பெண். என் மகள் வயதுகூட இருக்காது. போன மே மாதம் ஹாலிஃபாக்ஸ் ஊர் ஞாயிறு கால்பந்து லீக் இறுதி ஆட்டத்தில் நான்தான் நடுவர். கொடுக்கக் கூடாத பெனால்ட்டியைக் கொடுத்தேன். அன்றோடு விசில் டிராயருக்குள் போனது, நான் சோபாவுக்குப் போனேன்.

"ஊரே என்னைக் காறித் துப்புது" என்றேன். ஒரு தாளை நீட்டினாள். நினைப்புக்கு ஒரு கட்டம், ஆதாரத்துக்கு ஒன்று, எதிர் ஆதாரத்துக்கு ஒன்று. மருந்து கேட்டால் வீட்டுப்பாடம் தருகிறார்கள்.

மார்ச் 9

ஆதாரம்: "குருட்டுப் பயலே" என்று மைதானமே கத்தியது. எதிர் ஆதாரம்: கிடையாது. பாடம் முடிந்தது.

மார்ச் 11

"எத்தனை பேர் கத்தினாங்க?" என்றாள் ஃபிரெயா.

"மைதானமே கத்துச்சும்மா."

"எண்ணினீங்களா?"

எவன் எண்ணினான்? இந்த வாரம் நான் கிளைவின் கறிக்கடைக்குப் போக வேண்டுமாம். அந்தப் பெனால்ட்டிப் பந்தை விட்டுக் கோப்பையை இழந்த கோல்கீப்பர் அவன். கையில் வெட்டுக்கத்தி வேறு. இதற்குப் பெயர் பரிசோதனை. என்ன நடக்கும் என்று முதலிலேயே எழுதச் சொன்னாள். 'அவமானம்' என்று எழுதினேன்.

மார்ச் 15

கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயசு. நாலு சாசேஜ் வாங்கத் துப்பில்லை.

என் மனைவி டோரீன் வெறும் பையைப் பார்த்தாள். "நான் சோபாவைக் கட்டிக்கலைங்க. கோடைக்குள்ள எழுந்திரிக்கலைன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

சும்மா சொல்கிறவள் இல்லை. முப்பது வருஷம்... போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 17

போனேன்.

"யோவ் ரெஃபரி, உயிரோடதான் இருக்கியா?" என்றான் கிளைவ்.

"அந்தப் பெனால்ட்டி—"

"எது? சாசேஜ் எத்தனை வேணும், அதைச் சொல்லு."

பத்து மாதம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். இவனுக்கு ஞாபகமே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 18

எதிர் ஆதாரம்: கிளைவ். எழுதவைத்துவிட்டு, சிரிப்பை அடக்க ஃபிரெயா தண்ணீர் குடித்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை. மறுபடி நடுவராக மைதானத்தில் நின்றேன். டிராயரில் கிடந்த விசில் நன்றாகத்தான் ஒலிக்கிறது. இரண்டாம் பாதியில் நான் கொடுத்த ஒரு கோலுக்குக் கூச்சல் கிளம்பியது. இந்த முறை எண்ணினேன். மூன்று பேர். அதில் ஒருத்தி, குடைக்கு அடியில் நின்ற டோரீன்.

"ஆஃப்சைடுங்க அது. கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தீங்களா?"

ஆஃப்சைடுதான். அவள் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.