முகம் வராத அஞ்சல்

ஹானோ தீவு, டோங்கா
வியாழக்கிழமை

அன்பு மகன் செமிசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, வேலியை மதிக்காத நம் பன்றிகள், எல்லாரும் சுகம். பிரிஸ்பேனில் நீயும் மருமகளும், இன்னும் பெயரில்லாமல் படுத்திருக்கிற என் பேத்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

குழந்தையின் படத்தை இணைத்திருக்கிறேன், அக்கா முகம் பார்த்துப் பெயர் வைக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று மின்னஞ்சல் அனுப்பினாய். பெயர் வைக்க வேண்டியவள் அத்தை அல்லவா, உன் அக்கா சேய்னி குளித்து, மரியாதைக்குக் கட்டுகிற நல்ல பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்து என் போன் முன்னால் உட்கார்ந்தாள். பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். எழுத்து இருந்தது, படம் இல்லை. நெட் மெதுவு, முகம் மெல்ல மெல்லத்தான் வரும் என்று உன் அப்பா சொல்ல, அதையும் நம்பிக் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தது, கடல் வற்றிப் பாறைகள் தலைகாட்டின, காத்திருந்த மயக்கத்தில் ஆளுக்கொரு முகம் தெரிய ஆரம்பித்தது. எனக்கு என் நெற்றி தெரிந்தது, அப்பாவுக்கு அவர் மூக்கு தெரிந்ததாம், பாவம் குழந்தை. சேய்னி கண்ணை மூடினால் மட்டும் தண்ணீர்மேல் ஒரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததாம், கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பினாய், அதில் உன் புது வண்டியின் படம். வண்டிக்கா பெயர் வைக்கச் சொல்கிறான் என்று அப்பா கேட்டார். சேய்னி சிரிக்கவில்லை. தம்பியை நேராகக் கடிந்துகொள்கிற வழக்கம் நமக்கு ஏது, அதனால் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கயே பேரு வச்சிட்டாங்க போலம்மா. நான் வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்ல, எதுக்கு வெறுங்கூடைய மூடி அனுப்பணும்?"

அதற்குப் பிறகுதான் உன்னைப் போனில் கூப்பிட்டு அப்படிக் கத்தினேன், மருமகளுக்கும் கேட்டிருக்கும், பரவாயில்லை. நேற்று சாயங்காலம் படம் வந்தது. நெற்றி என்னுடையதில்லை, மூக்கு அப்பாவுடையதில்லை, அப்படியே சேய்னியின் முகம். அவள் போனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள், நானும் பின்னாலேயே போனேன்.

இனிமேல் இதைச் செய் கண்ணா. படகில் சாமானை ஏற்றிய பிறகுதானே கயிற்றை அவிழ்க்கிறோம். முதலில் படத்தை இணை, அப்புறம் எழுது, யாருக்கு என்கிற முகவரியைக் கடைசியில் போடு, அவசரத்தில் கைபட்டாலும் வெறுங்கடிதம் போகாது. நானும் அப்படித்தான், அக்கா பெயர் சொன்ன ஒலிப்பதிவை இணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயரை நான் எழுதமாட்டேன், ஞாயிறன்று சபையில் அவள் குரலிலேயே கேட்கட்டும். மூவரையும் கர்த்தர் காப்பாராக. அக்காவுக்கு நீயே பதில் போடு, என் வழியாக வேண்டாம். பதிவில் முதலில் வெறும் அலைச் சத்தம்தான் வரும், ஒன்றுமில்லை என்று அணைத்துவிடாதே, அவள் அழுது முடிக்கிறவரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்னையும் உன் மறதியையும் பெற்ற
அம்மா கலோலைனே