தம்பியின் மொட்டுக்கு அளவெடுத்த கதை

அன்புத் தம்பிக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். நீ பூட்டிவிட்டுப் போன அறையை மாற்றுச்சாவி போட்டுத் திறந்துவிட்டேன். உன் ஆர்க்கிட் செடி செத்துக் கிடக்கும், பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் போனேன். அது ஆறு மொட்டு விட்டிருந்தது.

அதை நீ வாங்கி வந்த அன்று உன் சிநேகிதர்கள் முன்னால், "மண்ணுகூட வேணாங்குற செடிக்கு அரை மாசச் சம்பளமா? ஒரு ஆட்டை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாய். ஒரு மாதமாகப் பேச்சே இல்லை.

இப்போது எனக்குத்தான் மண்டை குடைகிறது. வேரைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு இது எதைத் தின்று வளர்கிறது? தையல் மெஷினை விட்டு எழுந்து எழுந்து போய், டேப் வைத்து மொட்டுகளை அளக்கிறேன். வாடிக்கையாளர் அளவு நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் போட்டாயிற்று.

உன் மாமா கேட்கிறார்: "ஏண்டி, செடிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"உங்களை மாதிரி அதுக்குத் தொப்பை இல்லைங்க. துணி கம்மியாத்தான் ஆகும்."

என்ன நிறத்தில் பூக்கும்? உன்னைத்தான் கேட்க வேண்டும். அன்று நான் பேசியது தப்புடா. ஞாயிற்றுக்கிழமை வா, விரிவதைச் சேர்ந்தே பார்ப்போம்.

இன்று காலை அளக்கும்போது பெரிய மொட்டு டேப்போடு கையில் வந்துவிட்டது. முக்கால் அங்குலம் இருந்தது. மற்ற ஐந்தும் நலம்.

இப்படிக்கு,
உன் வாயாடி அக்கா